கம்பெனியே கை வச்ச மெக்லாரன் எஃப்1: 018 வித்த கதை

பழைய காரோ பைக்கோ விக்கப் போனா எல்லாரும் சொல்ற மொத விஷயம், வண்டி ஸ்டாக்கா இருக்கணும், கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கணும், ஒரு போல்ட் மாத்தியிருந்தாலும் விலை அடி வாங்கும்னு. பெரும்பாலும் சரிதான். ஆனா இந்த விதி எங்க உடையுதுன்னு பாக்கணும்னா 2019 ஆகஸ்ட்ல கலிபோர்னியா மான்டரேல ஆர்எம் சதபீஸ் ஏலத்துல போன ஒரு மெக்லாரன் எஃப்1ஐ எடுத்துக்கலாம். சேஸிஸ் நம்பர் 018. இன்ஜின், மூஞ்சி, வால், வீல், ஸ்டீயரிங், பெயின்ட், உள்ள லெதர்னு பாதி கார் மாறிப்போன கார் அது. போன விலை 1 கோடியே 98 லட்சத்து 5 ஆயிரம் டாலர், அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம காசுல சுமாரா 140 கோடி. அதுவரைக்கும் எந்த எஃப்1உம் ஏலத்துல அவ்வளவு போனதில்ல.

அதே சமயம் எதிர்பார்த்த விலைக்குக் கீழதான் போச்சு, அதையும் சொல்லணும். கேட்லாக்ல போட்ட எஸ்டிமேட் 21ல இருந்து 23 மில்லியன் டாலர். ரெக்கார்டும் அடிச்சுச்சு, எஸ்டிமேட்டையும் தொடல, ரெண்டும் ஒரே நிமிஷத்துல நடந்துச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடம்தான் எனக்கு சுவாரஸ்யம்.

கார் என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். மெக்லாரன் எஃப்1ங்கிறது கார்டன் மர்ரே 90கள் ஆரம்பத்துல டிசைன் பண்ணது, அவர் தென்னாப்பிரிக்கா டர்பன்ல பொறந்தவர், அதுக்கு முன்னாடி ஃபார்முலா ஒன் கார் டிசைன் பண்ணிட்டு இருந்தவர். வெளி உருவம் பீட்டர் ஸ்டீவன்ஸ். இன்ஜின் பிஎம்டபிள்யூ, பால் ரோஷ் டீம் செஞ்ச 6.1 லிட்டர் வி12, 627 குதிரை, டர்போ கிர்போ எதுவும் கிடையாது. கார்பன் ஃபைபர் உடம்பு, எடை 1,138 கிலோ. டிரைவர் நடுவுல உக்காருவார், ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னாடி தள்ளி ஒவ்வொரு சீட்டு. ஏபிஎஸ் இல்ல, பவர் ஸ்டீயரிங் இல்ல. சூட்டைத் திருப்பி விடுறதுக்கு இன்ஜின் இருக்குற இடத்துல தங்கத் தகடு ஒட்டியிருப்பாங்க, இது பந்தாவுக்கு இல்ல, நிஜமாவே வேலைக்கு. மொத்தம் 106 கார்தான் செஞ்சாங்க, அதுல சாதா ரோடு கார் 64. 1998 மார்ச்ல ஆண்டி வாலஸ் ஜெர்மனில ஏரா-லெசியன் டிராக்ல 386 கிலோமீட்டர் வேகம் தொட்டார், அதே வருஷம் தயாரிப்பும் முடிஞ்சுபோச்சு.

இங்க ஒண்ணு கவனிங்க. மர்ரே இந்தக் காரை ரேஸுக்குன்னு செய்யவே இல்ல. ரோட்ல ஓட்ட உலகத்துலயே நல்ல கார் வேணும்னுதான் ஆரம்பிச்சார். ரே பெல்ம், தாமஸ் பிஷர் மாதிரி சில பேர் பின்னாடியே அலைஞ்சு ரேஸ் வெர்ஷன் செஞ்சு குடுங்கன்னு கேட்டு வாங்குனாங்க, அப்படித்தான் ஜிடிஆர் வந்துச்சு. 1995ஆம் வருஷம், பிரான்ஸ்ல இருக்குற ல மான்ஸ் டிராக்ல மழை கொட்டுன அந்த 24 மணி நேர ரேஸ்ல யானிக் டால்மாஸ், ஜேஜே லேட்டோ, மசனோரி செகியா ஓட்டுன 59ஆம் நம்பர் கார் மொத இடம், மத்த எஃப்1கள் 3, 4, 5, 13. ரோடு காரா பொறந்தது மொத தடவை போய் மொத்த ரேஸையே ஜெயிச்சுட்டு வந்துச்சு. ரேஸ் ரூல்படி இன்ஜினுக்கு காத்து போற வழியில, காத்தைக் குறைக்கற ரெஸ்ட்ரிக்டர் போடணும், அதனால ஜிடிஆருக்கு பவர் சுமார் 600 குதிரைதான், அதாவது ரேஸ் காரைவிட ரோடு காருக்கு பவர் ஜாஸ்தி. கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா அப்படித்தான்.

அந்த அஞ்சு கார் ஃபினிஷ் பண்ணதோட நினைவா எல்எம், அதாவது ல மான்ஸ்னு பேர் வச்சு அஞ்சு ரோடு கார் செஞ்சாங்க, கூட ஒரு ப்ரோட்டோடைப். எல்எம்னா ரெஸ்ட்ரிக்டரைக் கழட்டின ஜிடிஆர் இன்ஜின், 680 குதிரை, பின்னாடி பெரிய விங், உள்ள ஏசி ரேடியோ சவுண்ட் இன்சுலேஷன் எல்லாத்தையும் புடுங்கி எடை 1,062 கிலோவுக்குக் கொண்டுவந்தது. அதுல மூணு புருனே சுல்தான் வீட்டுக்குப் போயிடுச்சு. மிச்சம் ரெண்டு. அதை வித்தா உலகத்துக்கே தெரியும், ஆனா யாரும் விக்க மாட்டாங்க.

அதனால எல்எம் மாதிரி ஒண்ணு வேணும்னு ஆசைப்பட்டவங்களுக்கு ஒரே வழி, கைல இருக்குற சாதா எஃப்1ஐ மெக்லாரன்கிட்டயே அனுப்பி இதை எல்எம் மாதிரி பண்ணிக் குடுங்கன்னு கேக்கறது. பெரிய விங்கும் காத்துத் துளை வச்ச முன்பக்கமும் உள்ள, காரை தரையோட அழுத்துற டவுன்ஃபோர்ஸ் கிட்டை வேற சில ரோடு காருக்கும் போட்டுக் குடுத்திருக்காங்க. ஆனா எல்எம் இன்ஜினும் சேத்து முழுசா பண்ணது ரெண்டே ரெண்டு ரோடு கார். ஒண்ணு 073, இன்னொண்ணு நம்ம 018.

018 வெளிய வந்தது 1994ல, கருநீலக் கலர். 2000-01 வாக்குல அப்ப இருந்த ஓனர் அதை இங்கிலாந்துக்கு, மெக்லாரன் ஃபேக்டரிக்கே அனுப்புனார். இன்ஜினை எல்எம் அளவுக்கு ஏத்துனாங்க. முன்பக்கம் புது நோஸ், ஃபெண்டர்ல காத்து போக துளை, பின்னாடி அந்த விங். 17 இன்ச் வீலுக்கு பதிலா 18 இன்ச் ஜிடிஆர் வீல். கியர்பாக்ஸுக்கு தனியா கூலிங். ரேஸ் டைப் டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர் போட்டுட்டு அதை ரொம்ப சாஃப்டா செட் பண்ணி வச்சாங்க, ஏன்னா ஓனர் இதை ரோட்லயும் ஓட்டணும். அதே காரணத்துக்காக உள்ள எதையும் புடுங்கல, ஏசியை இன்னும் நல்லதா மாத்துனாங்க, ஹெட்லைட்டை மாத்துனாங்க, ஸ்டீயரிங்கை 14 இன்ச்சுக்கு மாத்துனாங்க, நடு சீட்டுக்குப் போய் உக்காந்து எந்திரிக்கிறதே ஒரு யோகாசனம், அதனால இதுல நியாயம் இருக்கு. பெயின்ட் பிளாட்டினம் சில்வர், உள்ள க்ரீம் கலர் லெதர்.

ஒரிஜினல் எல்எம் டிராக்குக்கு மட்டும் நியாயம் செஞ்சுச்சுன்னா இது டிராக்குக்கும் ரோட்டுக்கும் சேத்து செஞ்ச கார். சொல்லப்போனா ஓட்டுறவனுக்கு நெஜ எல்எம்மைவிட இதுதான் தோதான கார்னு நான் சொல்வேன், சண்டைக்கு வராதீங்க. ஒரே நஷ்டம் டாப் ஸ்பீடு. அந்த விங் காத்தைப் புடிச்சு காரை தரையோட அழுத்தும், வளைவுல நல்லது, நேர் ரோட்ல இழுவை. எல்எம்முக்கு டாப் ஸ்பீடு 362தான், சாதா எஃப்1 386. பவர் 53 குதிரை ஏறியும் வேகம் 24 குறைஞ்சுது.

இந்த வேலை நடந்த காலத்தை மனசுல வச்சுக்கணும். எஃப்1 தயாரிப்பு முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம்தான் ஆகுது, அன்னைக்கு இது ஒரு விலை ஒசந்த பழைய கார், அவ்வளவுதான், யாரும் இதை சொத்துன்னு நெனச்சு பொட்டிக்குள்ள வச்சு பூட்டல. மிஸ்டர் பீனா நடிச்ச ரோவன் அட்கின்சன் 1997ல புதுசா ஒண்ணு வாங்குனப்ப குடுத்தது 6 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. 018 ஓனரும் வருங்காலத்துல விலை ஏறுமான்னு கணக்குப் போட்டு விங் மாட்டல, ஓட்டத்தான் மாட்டுனார். 2019ல ஏலத்துக்கு வந்தப்ப மீட்டர்ல சுமார் 21,500 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. எஃப்1க்கு இது நல்லாவே ஓடின கணக்கு.

இப்ப விக்கற கட்டத்துக்கு வருவோம். மாத்தின காரை விக்கறவனுக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு, என்ன பேர் சொல்லி விக்கறது. எல்எம்னு சொன்னா பொய், அஞ்சு கார் வச்சிருக்குற உலகத்துல ஆறாவது எல்எம் கிடையாது. சாதா எஃப்1னு சொன்னா செஞ்ச வேலைக்கு மதிப்பில்ல. கேட்லாக்ல எல்எம்-ஸ்பெசிஃபிகேஷன்னு போட்டாங்க, கொட்டேஷன் மார்க்குக்குள்ள. இந்த கொட்டேஷன் மார்க் சும்மா இல்ல, வாங்கறவன் வக்கீல் படிச்சாலும் நிக்கற மாதிரி எழுதுன பேர் அது. ரெண்டாவது சிக்கல், யார் செஞ்சாங்கன்னு காட்டறது. இங்க 018க்கு லட்டு மாதிரி பதில் இருக்கு: காரை எந்த ஃபேக்டரி செஞ்சுச்சோ அதே ஃபேக்டரிதான் மாத்துச்சு. அதே நோஸ், அதே விங், அதே இன்ஜின் வேலையை வெளிய ஒரு கெட்டிக்கார ஷெட் இன்னும் நேர்த்தியா பண்ணியிருந்தாலும் இந்த விலை கிடைச்சிருக்காதுன்னு நான் பந்தயம் கட்டுவேன். வாங்கறவன் விங்குக்குக் காசு குடுக்கல, விங்கோட பில்லுக்குக் குடுத்தான்.

இது எஃப்1க்கு கூடுதலா பொருந்தும், ஏன்னா இந்தக் காரை அந்த கம்பெனி ஆளுங்கள விட்டா தொடறதே கஷ்டம். சர்வீஸ் பண்ண ரொம்ப வருஷமா 90கள் காலத்து காம்பேக் லேப்டாப் ஒண்ணைத்தான் செருகிட்டு இருந்தாங்க, வேற கம்ப்யூட்டர் கார்கூட பேசாது. ஃப்யூயல் டேங்க் ரேஸ் கார்ல இருக்குற ரப்பர் பை மாதிரி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், அதுக்கு இன்ஜினையே இறக்கணும். அதனால எஃப்1 வாங்கறவன் மொதல்ல கேக்கறது எவ்வளவு ஓடியிருக்குன்னு இல்ல, ஃபைலைக் குடுன்னு.

கம்பெனி கைக்கு என்ன மதிப்புன்னு இன்னொரு கோணத்துல பாக்கணும்னா அட்கின்சன் காரே இருக்கு. அவர் 1999ல ஒரு தடவை ஒரு ரோவர் மெட்ரோவை இடிச்சார், 2011ல பீட்டர்பரோ பக்கம் ரோட்ல சுத்தி மரத்துல மோதி காரே ரெண்டா கிழிஞ்ச மாதிரி ஆச்சு. ரிப்பேர் செலவு சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு, இன்ஷூரன்ஸ் குடுத்துச்சு, பிரிட்டன்லயே அதுவரைக்கும் ஒரு காருக்கு குடுத்த பெரிய க்ளெய்ம்னு பேப்பர்ல வந்துச்சு. ரெண்டு தடவை இடிச்ச கார், 41,000 மைல் ஓடின கார், 2015ல 80 லட்சம் பவுண்டுக்குப் போனதா செய்தி. வாங்குன விலைக்கு பன்னெண்டு மடங்கு. சரியான கை ஒட்டவச்சா ஒடஞ்சதுகூட கறை இல்லைன்னு இந்த ஒரு காருக்கு மட்டும் மார்க்கெட் முடிவு பண்ணிடுச்சு. உங்க வீட்டு கார்ல இதை முயற்சி பண்ணாதீங்க.

இப்ப ஏலக் கணக்கு. இங்கதான் நிறைய பேர் தப்பாப் பாக்கறாங்க. 19.805 மில்லியன்ங்கிறது வாங்குனவர் கட்டுன மொத்தம், ஏலக்காரர் சுத்தியல் தட்டி முடிச்ச விலை, அதாவது சுத்தியல் விலை இல்ல. அன்னைக்கு வாங்கறவர் மேல போடுற கமிஷன் மொத ரெண்டரை லட்சம் டாலருக்கு 12 சதவீதம், அதுக்கு மேல 10 சதவீதம். பின்னாடி இருந்து கணக்கு போட்டா சுத்தியல் விலை சரியா 18 மில்லியன் வருது: 30,000 டாலரும் 17,75,000 டாலரும் கமிஷன். எஸ்டிமேட் எப்பவும் கமிஷன் இல்லாம போடுறது. அப்ப 21க்கு 19.8ன்னு ஒப்பிடக் கூடாது, 21க்கு 18ன்னுதான் ஒப்பிடணும். ஒரு மில்லியன் கம்மின்னு நெனச்சது உண்மையில மூணு மில்லியன் கம்மி. இதுக்குக் கீழ விக்க மாட்டேன்னு ஓனர் வைக்கற ரிசர்வ் விலைன்னு ஒண்ணு ரகசியமா இருக்கும், பொதுவா அது எஸ்டிமேட்டோட கீழ் எல்லையைத் தாண்டாது. கார் வித்துப்போச்சுன்னா ரிசர்வ் 18க்கு உள்ள இருந்துச்சு, இல்லன்னா அந்த இடத்துலயே ஓனர் இறங்கி வந்தார்.

ஏன் கம்மியாச்சு? மாடிஃபிகேஷன்தான் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது முழுசா ஒத்து வரல. மான்டரேல கார் ஏலங்க நடக்கற அந்த வாரமே மந்தம், 2018 மான்டரே வாரத்தைவிட மொத்த வியாபாரம் நல்லாவே இறங்கின வருஷம் அது. போதாக்குறைக்கு அதே ஆர்எம் சதபீஸ் மேடையில அந்த வார சனிக்கிழமை 1939 போர்ஷா டைப் 64க்கு கூத்தே நடந்துச்சு, ஏலக்காரர் 13, 14ன்னு சொல்றது ஸ்க்ரீன்ல 30, 40ன்னு ஏறுது, கூட்டம் கத்துது, 70 மில்லியன் வரைக்கும் போய் அப்பறம் 17ன்னு திருத்துனாங்க, கடைசில கார் விக்கவே இல்ல. உச்சரிப்பு குழப்பத்துல ஒரு கார் மானம் போன கதை. 018 வித்தது அதுக்கு முந்தின நாள், அதனால இதைக் காரணமா சொல்ல வரல, அந்த வாரக் காத்து எப்படி அடிச்சுச்சுன்னு காட்டத்தான்.

என் கணக்கு என்னன்னா எஸ்டிமேட்டே பேராசை. அதுக்கு முந்தின படிக்கட்டைப் பாருங்க. 2008 அக்டோபர்ல, உலகமே பேங்க் திவாலாகி அழுதுட்டு இருந்தப்ப, லண்டன்ல 065 போனது 25 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு. 2013ல பெப்பிள் பீச்ல 066 போனது 84 லட்சத்து 70 ஆயிரம் டாலர். 2015ல 073, அதாவது 018ஓட ஒரே கூடப்பொறந்தது, அதுவும் எல்எம் வேலை செஞ்சது, மான்டரேல 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போய் ரெக்கார்டு. 2017ல எல்எம் வேலை எதுவும் செய்யாத 044, போனம்ஸ் ஏலத்துல 1 கோடியே 56 லட்சத்து 20 ஆயிரம். 2015ல கூடப்பொறந்தது சுத்தியல் விலை 12.5 மில்லியன், நாலு வருஷத்துல 018க்கு குறைஞ்சது 21 கேக்கறாங்கன்னா அது மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஏத்தம். 18ல நின்னது நியாயமான இடம். சொல்லப்போனா நல்ல இடம்.

இன்னொரு சின்ன விஷயம், இதுதான் நோக்கம்னு நான் சொல்லல, ஆனா பொருந்தி வருது. அமெரிக்கால அவங்க பாதுகாப்பு ரூலுக்கு செய்யாத வெளிநாட்டு காரைக் கொண்டு வரணும்னா 25 வருஷம் ஆகியிருக்கணும், இல்லன்னா ஷோ ஆர் டிஸ்ப்ளேன்னு ஒரு விலக்கு வாங்கி வருஷத்துக்கு 2,500 மைலுக்கு மேல ஓட்டாம வச்சுக்கணும். 1994 காருக்கு 2019ல 25 ஆகுது. ஓட்டறதுக்குன்னே மாத்தின காரை, மைல் கணக்கு பாக்காம ஓட்டலாம்ங்கிற வருஷத்துல, அந்த ஊர் பணக்காரங்க கூடுற வாரத்துல கொண்டு வந்து நிறுத்துறாங்க. விக்கறதுல பாதி வேலை நாள் பாக்கறதுதான்.

ஆனா உண்மையான சோதனை ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சு. 2021 ஆகஸ்ட், பெப்பிள் பீச், குடிங் ஏலம், சேஸிஸ் 029. இது 018க்கு நேர் எதிர். ஜப்பான்ல இருந்த கார், பழுப்பு கலர், பொறந்ததுல இருந்து ஓடினதே 242 மைல், கிலோமீட்டர்ல 390. டயர்கூட ஃபேக்டரில மாட்டின அதே குட்இயர். டூல் கிட், லக்கேஜ் எல்லாம் கூடவே. எதுலயும் கை படல. ஸ்டாக் ஸ்டாக்னு சொல்றவங்க கனவு காண்ற கார்னா இதுதான். எஸ்டிமேட் 15 மில்லியனுக்கு மேலன்னு அடக்கமா போட்டாங்க, போனது 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர், 018 ரெக்கார்டு உடைஞ்சுது.

தலைப்புச் செய்தில பாத்தா ஸ்டாக் ஜெயிச்சுடுச்சு. அங்கயும் கமிஷனைக் கழிச்சுப் பாருங்க, சுத்தியல் விலை 18.6 மில்லியன். 018க்கு 18. வித்தியாசம் 6 லட்சம் டாலர், மூணரை சதவீதம்கூட இல்ல. ஒரு பக்கம் 21,500 கிலோமீட்டர் ஓடி, கலர் மாறி, சீட்டு மாறி, மூஞ்சி மாறின கார். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத மாதிரி ஒரு கார். அதுவும் 2021ல மார்க்கெட் சூடு, 2019ல மந்தம். 018ஐ யாரும் மாத்தாம அதே 21,500 ஓடியிருந்தா 18 வந்திருக்குமா? எனக்கு சந்தேகம். 044 கிட்டத்தட்ட அந்தக் கேள்விக்கு பதில் மாதிரி, அது சுத்தியல் விலையில 14.2.

அதனால எல்எம் வேலை 018ஓட விலையைக் குறைக்கல, ஏத்துச்சுன்னுதான் நான் எடுத்துக்கறேன், ஓடின கிலோமீட்டரால எறங்க வேண்டியதை அது தாங்கிப் புடிச்சுச்சு. ஆனா அது எல்லா மாடிஃபிகேஷனுக்கும் கிடைக்கற சலுகை இல்ல. செஞ்சது ஒரே ஃபேக்டரி, அந்த மாதிரி இன்னொண்ணுதான் உலகத்துல இருக்கு, அந்த மாத்தத்துக்குப் பின்னாடி ல மான்ஸ் ஜெயிச்ச கதை இருக்கு, எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. இந்த நாலுல ஒண்ணு இல்லாம போயிருந்தாலும் வாங்கறவன் மொதல்ல கேட்டிருப்பான், ஒரிஜினல் நோஸ் எங்க, ஒரிஜினல் பெயின்ட் கோட் என்ன, பழையபடி மாத்த எவ்வளவு ஆகும்னு, அந்தத் தொகையை விலையில கழிச்சிருப்பான்.

029ஐ வாங்குனவர் நிலைமையை நெனச்சா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு. அந்த குட்இயர் டயர்ல நம்பிக்கையா ஓட்ட முடியாது, மாத்துனா ஒரிஜினல் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் போயிட்டு வந்தா மொத்த ஓட்டத்துல கால்வாசி ஏறிடும். 018ல 21,500ங்கிறது 21,600 ஆனா யாரு கேக்கப் போறா.